யோசித்துச் சேமிக்கச் சொல்லாதீர்கள்

என் மாப்பிள்ளை கணினித் துறையில் இருப்பவர். போன மாதம் வந்திருந்தபோது என் மடிக்கணினியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன மாமா இது? கிட்டுல 1,800 கமிட் இருக்கு. எல்லாத்துக்கும் தேதியும் மணியும்தான் தலைப்பு. எதுக்காகச் செஞ்சோம்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி எழுதணும் மாமா. இது வரலாறு இல்ல, குப்பை" என்றார்.

விருந்துக்கு வந்தவரிடம் வாதம் எதற்கு என்று அன்று பேசாமல் இருந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். கிட் என்பது லினக்ஸின் நிரல்களைப் பராமரிப்பதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதிய மென்பொருள். நம் கோப்புகள் இந்த நிமிடம் எப்படி இருக்கின்றனவோ அப்படியே ஒரு படம் எடுத்து வைப்பதற்குக் கமிட் என்று பெயர். பழைய படங்கள் அப்படியே இருக்கும். எதற்கு வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம். என் கணினியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இது தானாக நடக்கும்படி செய்து வைத்திருக்கிறேன். எழுத்தில் மாற்றம் இல்லாவிட்டால் சும்மா இருக்கும்.

மாப்பிள்ளை சொல்லும் விதி அவர் அலுவலகத்துக்கு நல்ல விதி. அங்கே ஒரே நிரலில் பல பேர் கை வைக்கிறார்கள். ஒரு வரியை ஏன் மாற்றினார்கள் என்று நாளைக்கு வேறொருவருக்குத் தெரிய வேண்டும். என் எழுத்தில் கை வைப்பது நான் ஒருவன்தான்.

அதை விடப் பெரிய ஆட்சேபம் ஒன்று உண்டு. குறிப்பு எழுதிச் சேமி என்றால், இது சேமிக்கத் தகுந்தது என்று முதலில் நான் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தைத்தான் என்னிடம் விடக்கூடாது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் சாயங்காலம் அக்கா போனில் ஒரு விஷயம் சொன்னாள். என் பரீட்சைப் பணத்துக்காக அம்மா ஒற்றை வளையலை அடகு வைத்த கதை. எந்தக் கடை, எத்தனை ரூபாய், துணைக்குப் போன அக்கா வாசலில் நின்று அழுதது எல்லாம். உடனே உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்ததும், வீட்டுக் கஷ்டம் ஊருக்கு எதற்கு என்று கோபம் வந்து, பத்தியை மொத்தமாக அழித்துவிட்டேன்.

அக்கா போன வருடம் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அந்தப் பத்தியைத் தேடினேன். கடையின் பெயர் எனக்கு நினைவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. ஒரு சொல் எந்தக் கமிட்டில் நுழைந்தது, எதில் வெளியேறியது என்று காட்டும் கட்டளை கிட்டில் இருக்கிறது. 'வளையல்' என்று கொடுத்தேன். 7.10-க்கு வந்திருக்கிறது, 7.50-க்குப் போயிருக்கிறது. நாற்பது நிமிடம் மட்டுமே உயிரோடு இருந்த பத்தி முழுசாகக் கிடைத்தது.

கையால் கமிட் செய்பவனாக இருந்தால் அது கிடைத்திருக்குமா? வேண்டாம் என்று அழித்ததற்கு யார் குறிப்பு எழுதிச் சேமிப்பார்கள்? இரவில் எடுக்கும் காப்புப் பிரதியிலும் அது இருந்திருக்காது.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். பேரேட்டில் சுரண்டி அழிக்கக் கூடாது. தப்பை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் போட வேண்டும். அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதுதான் அந்த விதியின் உயிர். பத்து நிமிடக் கமிட் எனக்கு அந்த ஒற்றைக் கோடு.

இடம் அடைக்கும் என்பார்கள். வெறும் எழுத்தைக் கிட் சுருக்கித்தான் வைக்கிறது. பேரனின் ஒரு வீடியோ பிடிக்கும் இடத்தில் பாதிகூட என் 1,800 கமிட்டுக்கும் சேர்த்து ஆகவில்லை.

குறை இல்லாமல் இல்லை. வட்டு கெட்டால் எல்லாமே போகும். அதனால் வாரம் ஒருமுறை வெளி வட்டில் ஒரு பிரதி எடுக்கிறேன். இன்னொன்று, அழித்ததும் உள்ளே இருக்கும் என்பதால், இந்தக் கோப்புறையை அப்படியே யாருக்கும் கொடுக்கக் கூடாது. கட்டுரை வெளியாகும் அன்று மட்டும் 'வெளியானது' என்று கையால் ஒரு கமிட் செய்கிறேன். மாப்பிள்ளையின் விதிக்கு அந்த மரியாதை போதும்.

என் வயதுக்காரர்களே, வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை அமைத்துக்கொள்ளுங்கள். குறிப்பு எழுதணும் தாத்தா என்றால், சரி சரி என்று தலையாட்டிவிட்டு, தேதியும் மணியும் போதும் என்று சொல்லுங்கள்.