செவிக்கு முன்னால் கெவி

அபிராமம் பக்கம் மீன் வாங்குகிறவர் விலை கேட்பதற்கு முன்பே செவுளைத் தூக்கிப் பார்த்துவிடுவார். உள்ளே ரத்தச் சிவப்பு இருந்தால்தான் பேரம். வீட்டில் பிள்ளை அடம்பிடித்தால், "செவுட்டுல ஒண்ணு விட்டேன்னா..." என்று அதட்டல். மற்றபடி செவியை எல்லாரும் காது என்றுதான் சொல்கிறார்கள். செவி மேடைக்கும் பாடப்புத்தகத்துக்கும் போய்விட்டது.

அந்தச் செவிக்கும் ஒரு பூர்விகம் உண்டு. கன்னடத்தில் அது கிவி, துளுவில் கெபி. ஜார்க்கண்டில் குருக் மொழி பேசுபவர்களுக்குக் கெப்தா. பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் பிராகூயி பேசுபவர்கள், தொண்டையைச் செருமுவதுபோல் ககரத்தை உரசி, கஃப் என்கிறார்கள். தெலுங்கும் மலையாளமும் தமிழோடு சேர்ந்து செவி என்கின்றன.

ஒன்றையொன்று கண்டே இராத மொழிகள் எல்லாம் ககரத்தில் தொடங்கும்போது, மாறியது நம் பக்கம்தான். மொழியியலாளர்கள் பர்ரோவும் எமெனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இப்படிப்பட்ட உறவுச் சொற்களை வரிசையாக அடுக்கி வைத்தது. அவற்றை ஒப்பிட்டு மொழியியலாளர்கள் மூலத் திராவிட வடிவத்தைக் 'கெவி' என்று மீட்கிறார்கள். கல்வெட்டிலோ ஓலையிலோ இல்லாத சொல் என்பதால் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவது வழக்கம்.

ஐரோப்பாவிலும் இதே வேலைதான். தலைக்கு அயர்லாந்தில் 'கியான்', வேல்ஸில் 'பென்'. இத்தகைய உறவுச் சொற்களை ஒப்பிட்டுத்தான் பழைய கெல்டிக் சொல்லை எட்டிப் பிடித்தார்கள்.

இகர எகரங்களுக்கு முன் வந்த ககரம் தமிழில் சகரமானது என்பது விதி. நம் சேரி கன்னடத்தில் கேரி; நம் செய் பழங்கன்னடத்தில் கெய். அப்படியானால் கிளியும் கிழங்கும் கெடுவும் எப்படித் தப்பின? அடுத்து வரும் ள, ழ, ட ஆகிய நாவை மடிக்கும் ஒலிகள் அந்த மாற்றத்தைத் தடுத்துவிட்டன. தெலுங்கில் அந்தத் தடையும் இல்லை: அங்கே கிளி சிலுக, கெடு செடு. விலக்குக்கும் காரணம் சொல்லும் விதியைத்தான் நம்ப முடியும். காதுக்கு ஒத்துப்போகிறது என்று கொரிய மொழியில் தமிழ்ச் சொல் தேடுவது வேறு சமாச்சாரம்.

சங்கப் பாடல்களிலேயே செவிதான் இருக்கிறது. ஆக, மாற்றம் அதற்கும் முந்தியது. எழுத்தில் தமிழ் மூத்தது, சந்தேகமில்லை. ஆனால் இந்த ஒரு சொல்லின் முதலெழுத்தில் பழமையைக் காப்பாற்றியவை கன்னடம், துளு போன்ற மொழிகள்தான்.