லைசென்ஸும் பூட்டும்

சூதாட்டத்தின் தீமையைத் தமிழ் மக்களுக்குப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திருவள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே வகுத்துவிட்டார். ஆனால் தருமபுத்திரர் சூதாட ஹஸ்தினாபுரம் வரை போக வேண்டியிருந்தது. இன்றோ சகுனி கைபேசியில் ஏறி, நம் வீட்டுக் கூடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவர் மார்பில் "லைசென்ஸ் பெற்றது" என்ற பதக்கம் ஒன்றும் பளபளக்கிறது.

பதக்கத்தைக் கண்டு படித்தவர்களே மயங்குகிறார்கள். "சர்க்கார் அனுமதித்த இடமாயிற்றே, பணத்துக்கு என்ன பயம்?" என்கிறார்கள். எந்த சர்க்கார், யாருடைய நன்மைக்காக அனுமதித்தது என்று நாம் சற்று விசாரிப்போம்.

கரீபியன் கடலில் குராசோ என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. அங்கே நெடுங்காலம் நான்கு ஸ்தாபனங்கள் மட்டும் மூல லைசென்ஸை வைத்துக்கொண்டு, ஏராளமான இணையச் சூதாட்ட நிலையங்களுக்குத் துணை லைசென்ஸ் கொடுத்து வந்தன. குத்தகை நிலத்தை உள்குத்தகைக்கு விடுவது போன்ற ஏற்பாடுதான். 2024 டிசம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டம் இந்த முறையை மாற்றி, லைசென்ஸ் வழங்கும் பொறுப்பை அத்தீவின் அதிகார சபையிடமே ஒப்படைத்தது.

மால்டாவின் கதை இன்னும் ரசமானது. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் பணம் இழந்த பலர், "எங்கள் நாட்டு லைசென்ஸ் இல்லாமல் ஆட்டம் நடத்தினார்கள், இழந்ததைத் திருப்பித் தர வேண்டும்" என்று தங்கள் நாட்டுக் கோர்ட்டுகளில் வழக்காடி ஜெயித்தார்கள். மால்டா பாராளுமன்றம் என்ன செய்தது? தன் லைசென்ஸ் பெற்ற கம்பெனிகளுக்கு எதிரான இத்தகைய அந்நியத் தீர்ப்புகளை மால்டா கோர்ட்டுகள் நிறைவேற்றலாகாது என்று 2023-இல் சட்டம் செய்தது! லைசென்ஸ் காப்பாற்றுவது ஆடுகிறவரையா, ஆட்டுவிக்கிறவரையா என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

பிரிட்டனில் கட்டுப்பாடு கடுமையானதே. 2020 ஏப்ரல் முதல் கடன் அட்டையால் சூதாடுவது அங்கே விலக்கப்பட்டிருக்கிறது. அங்கும்கூட, கம்பெனி திவாலானால் வாடிக்கைக்காரரின் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா, இல்லையா என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமென்பதுதான் விதி. "இல்லை" என்று சொல்லிவிட்டும் கடையைத் தாராளமாக நடத்தலாம்.

இனி, பூட்டின் விஷயம். கடவுச்சொல் வலுவாக இருக்கட்டும், இரட்டைச் சரிபார்ப்பு வையுங்கள் என்று இந்த நிலையங்களே உபதேசிக்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால் பூட்டு தெருத் திருடனைத் தடுக்கும். பெட்டியே அந்நியன் வீட்டில் இருந்தால் என்ன செய்யும்? கணக்குத் திறக்கும்போது அடையாள அட்டை, முகப்படம், பாங்கி விவரம் யாவற்றையும் முகம் தெரியாதவரிடம் கொடுத்துவிடுகிறோம். அவற்றைக் கொண்டு அவர் நம் பெயரில் என்ன செய்தாலும் நம் கடவுச்சொல் குறுக்கே நிற்காது. "ஜெயித்த பணத்தை அனுப்ப முன்கட்டணம் செலுத்துக" என்று செய்தி வந்தால், அது சந்தேகமற்ற மோசடி.

நம் தேசத்தின் நிலை என்ன? பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் நிறைவேறி, ஜனாதிபதியின் சம்மதமும் பெற்றது. திறமையாட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற பேதம் அதில் இல்லை. குராசோவின் முத்திரையும் மால்டாவின் முத்திரையும் அந்தச் சட்டத்தின் முன் செல்லாக் காசுகளே.

வீட்டில் யாரேனும் ஏமாந்திருந்தால், வெட்கப்பட்டு மறைப்பதுதான் பெரிய ஆபத்து. முதலில் பாங்கிக்குச் சொல்லுங்கள். உடனே 1930 என்ற தொலைபேசி எண்ணில் புகார் கொடுங்கள். உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த ஆண்டு. தேசபக்தர்களுக்கு இந்த எண் மறக்காது. தாமதமாகும் ஒவ்வொரு நாழிகையும் பணம் கைமாறி வெகுதூரம் போவதற்கு உதவும். பிள்ளைகள் பயமின்றி வந்து உண்மையைச் சொல்லக்கூடிய வீடாக நம் வீட்டை வைத்துக்கொள்வோம். அதைவிட நல்ல பூட்டு நமக்குத் தெரியவில்லை.