பியானோ வாசித்த அடிமைச் சிறுவனும் நம் பறையும்

கலையைப் புகழ்வது வேறு, கலைஞரை மனிதராக மதிப்பது வேறு. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேடைகளிலும் இதுதான் நடந்தது.

தாமஸ் விக்கின்ஸ் 1849இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமைக் குடும்பத்தில் பிறந்தார். பிறவியிலேயே பார்வை இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோருடன் சேர்த்து ஜேம்ஸ் பெத்யூன் என்ற வழக்கறிஞருக்கு விற்கப்பட்டார். எசமானர் வீட்டில் ஒலித்த பியானோவைக் காதால் கேட்டே வாசிக்கப் பழகினார். 1857இல், எட்டு வயதில், அவரை மேடை ஏற்றினார்கள். பிறகு ஊர் ஊராகக் கச்சேரி நடத்தும் ஒருவரிடம் வாடகைக்கு விட்டார்கள். 1860இல் வெள்ளை மாளிகையில் அதிபர் புக்கானன் முன் வாசித்தார். உள்நாட்டுப் போர் வந்தபோது, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களுக்கு நிதி திரட்டவும் இந்த அடிமைச் சிறுவனையே வாசிக்க வைத்தார்கள். சுவரொட்டியில் அவர் பெயர் 'குருட்டு டாம்'.

1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அவருக்கு மட்டும் ஒழியவில்லை. போர் முடியும் முன்பே பெற்றோரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தார் பெத்யூன். சின்சினாட்டியில் நடந்த வழக்கிலும் அவர் பக்கமே தீர்ப்பானது. 1870இல் விக்கின்ஸைச் சித்தம் கலங்கியவர் என்று அறிவித்து, பெத்யூனின் மகனைப் பாதுகாவலராக்கியது நீதிமன்றம். சங்கிலி போன இடத்துக்குக் காகிதம் வந்தது. 1908இல் சாகும்வரை அவருடைய சம்பாத்தியம் அவர் கைக்கு வரவில்லை.

சொந்தமாக இசையமைத்த அவரை, கேட்டதை அப்படியே திருப்பிச் செய்யும் கிளி என்றுதான் எழுதினார்கள். ஏன்? அறிவு உண்டு என்று ஒப்புக்கொண்டால் கூலி கொடுக்க வேண்டுமே!

நம்மிடம் இதையே 'உங்களுக்கு ரத்தத்திலேயே ஊறியது' என்கிறார்கள். பயிற்சி, உழைப்பு, அறிவு எல்லாம் அந்த ஒரு சொல்லில் காணாமல் போகின்றன. சாவுக்குப் பறை வேண்டும். அடித்தவருக்குத் திண்ணை கிடையாது.

அடிமை முறையும் சாதியும் ஒன்றல்ல. ஆனாலும் உறவை நம் முன்னோர் அன்றே கண்டார்கள். 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார் ஜோதிராவ் புலே.

தோழர்களே, திருவிழாவிலும் அரசு விழாவிலும் நம் பிள்ளைகள் ஆடும்போது கைதட்டுவோம். அதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்போம்: பிள்ளை இன்று பள்ளிக்குப் போனதா? கூலி யார் கைக்குப் போகிறது? மேடையில் பெயரைச் சொன்னார்களா?