நாற்காலிக்கும் ஷிப்டு வேண்டும்!

ஆலைச் சங்கு ஊதுகிறது. வேலை முடித்த தொழிலாளி, தறியை அடுத்தவனிடம் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்புகிறான். இருபது ஆண்டு பழகிய தறி, எவனிடமும் விடமாட்டேன் என்று அவன் அடம்பிடிப்பதில்லை. வியர்வை சிந்துபவனுக்குள்ள இந்த நியதி, சட்டம் செய்பவருக்கு மட்டும் ஏன் இல்லை? கேட்கிறோம்!

அமெரிக்க நாட்டைப் பாருங்கள். எத்துணை ஆற்றல் படைத்த ஜனாதிபதியானாலும் இருமுறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்று 1951-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆனால், அவரைத் தட்டிக் கேட்கும் காங்கிரசுக்கு (நம் ஊர்க் கட்சியல்ல, அந்நாட்டு நாடாளுமன்றம்) எல்லையே கிடையாது! ஜான் டிங்கெல் என்பார் 1955 முதல் 2015 வரை, 59 ஆண்டுகள் பிரதிநிதிகள் சபையில் இருந்தார். ஸ்ட்ராம் தர்மாண்ட் 2003-இல் செனட் சபையைவிட்டு இறங்கியபோது அவருக்கு வயது 100!

மக்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. 1990-இல் கலிபோர்னியா, கொலராடோ, ஒக்லஹோமா மாநில மக்கள், நேரடி வாக்கெடுப்பில் தங்கள் சட்டமன்றத்தாருக்கு எல்லை வகுத்தனர். 1992-இல் ஆர்கன்சாஸ் மக்கள், தலைநகர் செல்வோருக்கும் எல்லை வைத்தனர். விட்டார்களா? 1995-இல் உச்ச நீதிமன்றம் குறுக்கே வந்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை, அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று ஐவர் தீர்ப்பளித்தனர், நால்வர் மறுத்தனர்.

திருத்த வேண்டியவர் யார்? நாற்காலியில் இருப்பவரே! தீர்ப்புக்குச் சில வாரங்கள் முன்னர்தான் அத்தகைய திருத்தம் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. ஆதரவு 227, எதிர்ப்பு 204. மூன்றில் இரண்டு பங்கு கிட்டவில்லை, வீழ்ந்தது. தன் காலுக்குத் தானே தளை பூட்டிக்கொள்வார் உண்டோ?

“பிடிக்காவிட்டால் தேர்தலில் தோற்கடியுங்களேன்!” என்பார்கள். நன்று! இருப்பவருக்கு நிதி திரள்கிறது, பெயர் பரவுகிறது, அதிகாரிகள் பழகிவிடுகிறார்கள். எதிர்த்து நிற்கும் ஏழைத் தொண்டனிடம், பசை வாளியும் இரண்டு கால்களும் தவிர வேறென்ன உண்டு?

“அனுபவம் போய்விடுமே!” என்பதில் பொருள் உண்டு. புதியவர் பழகுமுன் வெளியேறினால், அதிகாரிகளும் பணமுதலைகளின் தரகர்களுமே ஆள்வர். கலிபோர்னியா அதையும் எண்ணிப் பார்த்தது. கீழ்ச்சபைக்கு 6, மேல்சபைக்கு 8 ஆண்டு என்றிருந்ததை, 2012-இல், எந்தச் சபையானாலும் மொத்தம் 12 ஆண்டு என மாற்றியது. கற்றுக்கொள்ளக் காலம் உண்டு. பட்டா எழுதிக்கொள்ளக் காலம் இல்லை!

இதை அமெரிக்கச் சரக்கென்று ஒதுக்க வேண்டாம். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்கிறது: வாரியத்தில் இருந்தவர் மூன்றாண்டுக்குள் மீண்டும் குடவோலைக்கு வரக்கூடாது, கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவர்தம் உறவினரும் வரக்கூடாது! நிலமும் வேதமும் உடையாருக்கே அந்தக் குடத்தில் இடம் என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும், ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் ஊர்ச்சபை உணர்ந்த உண்மை, இன்றைய இந்திய நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் விதியாகவில்லையே!

எந்தக் கட்சி நாற்காலியானாலும், நம் வீட்டு நாற்காலியே ஆனாலும், நாம் சொல்வது இதுதான்: சங்கு ஊதிவிட்டால் எழுந்திருங்கள். தறி நிற்காது, நெய்ய அடுத்தவன் வாசலில் காத்திருக்கிறான்!