கைக்கு மிஞ்சிய துப்பாக்கி

மாணவ அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். கணினி விளையாட்டொன்றில் அவர் வாங்கிப் பயன்படுத்தும் ‘டெஸேர்ட் ஈகிள்’ என்னும் கைத்துப்பாக்கி ஓரிரு சூட்டிலேயே எதிரியை வீழ்த்திவிடுகின்றதாம். “அத்துணை வலிமை வாய்ந்ததாயின் உலகத்து இராணுவங்கள் அதனை ஏன் கைக்கொள்ளவில்லை? திரைப்படங்களிற் காண்பதுபோல் ஒற்றைக் கையாற் சுடமுடியுமா?” என்பன அவருடைய வினாக்கள். குடும்பத்தார் கூடிப் படிக்கும் பகுதியில் துப்பாக்கியைப் பற்றி எழுதுவதா என்று முதலில் தயங்கினோம். ஆயினும், பிள்ளைகள் நாள்தோறும் திரையிற் காணும் பொருளைப் பற்றிப் பெற்றோர் ஒன்றும் அறியாதிருத்தல் நன்றன்று எனத் தோன்றியது.

இத்துப்பாக்கி ‘மக்னம்’ என்னும் இனத்தைச் சேர்ந்தது. இலத்தீன் மொழியிற் ‘பெரியது’ எனப் பொருள்படும் இச்சொல், இரட்டை அளவுள்ள மதுப் புட்டிக்கு வழங்கிவந்த பெயர். வழக்கத்திலும் மிகுந்த வலுவுள்ள தோட்டாவுக்கும் அதனையே சூட்டிவிட்டார்கள். பெயரிலேயே சிறிது போதை இருக்கின்றது போலும்! அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டில் .357 மக்னம் என்ற தோட்டாவும், 1955ஆம் ஆண்டில் .44 மக்னம் என்ற தோட்டாவும் வெளிவந்தன. இவ்வெண்கள் குண்டின் குறுக்களவை அங்குலக் கணக்கில் ஏறக்குறையக் குறிப்பவை.

இவ்விரண்டும் சுழல் துப்பாக்கிக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றின் அடியில் ஒரு விளிம்பு புறந்தள்ளி நிற்கும். சுழலும் உருளையினுள்ளே தோட்டா நழுவிவிடாமற் தாங்குவது அவ்விளிம்பே. அரைத் தானியங்கித் துப்பாக்கியின் அமைப்போ வேறு. அதில் தோட்டாக்களை ரவைக்கூட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு பாயும். அந்த வெடிப்பின் வலுவே வெற்றுக் கோதை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிடும். விளிம்புள்ள தோட்டாக்களை இவ்வாறு அடுக்கினால் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும். மேலும், மக்னத்தின் அழுத்தத்தைத் தாங்கச் சாதாரணக் கைத்துப்பாக்கியின் பூட்டு போதாது.

கலிபோர்னியா மாநிலத்துப் பசதீனாவில் ஹரி சான்போர்ட் என்பவர் இதற்கொரு வழி கண்டார். றைபிளின் தோட்டாக் கோதை வெட்டிக் குறுக்கி, விளிம்பு புறந்தள்ளாத .44 தோட்டா ஒன்றை ஆக்கி, அதற்கேற்ப ‘ஓட்டோ மாக்’ என்ற துப்பாக்கியைச் செய்து 1970களின் தொடக்கத்தில் விற்பனைக்கு விட்டார். துப்பாக்கி வந்தது, தோட்டாவோ கடையிற் கிடைக்கவில்லை! வாங்கியவர்கள் தாமே கோதுகளை வெட்டி மருந்து நிறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 1972இல் அக்கம்பனி முறிந்துபோயிற்று. 1983இல் ‘சடன் இம்பக்ட்’ என்னும் படத்தில் கிளின்ற் ஈஸ்ற்வுட் அதனைக் கையிலேந்தியபின், முறிந்த கம்பனியின் துப்பாக்கி உலகப் புகழ் பெற்றது.

‘டெஸேர்ட் ஈகிள்’ மினசோட்டா மாநிலத்து மக்னம் றிசேர்ச் கம்பனியின் எண்ணத்திற் பிறந்து, இஸ்ரேலின் இராணுவத் தொழிற்சாலையிற் செம்மை பெற்றது. றைபிள்களுக்குரிய முறையொன்றை அவர்கள் கைத்துப்பாக்கிக்குள் புகுத்தினார்கள். வெடிப்பின் வாயுவிற் சிறு பங்கு, குழலின் அடியிலுள்ள நுண்துளை வழியே முன்னோக்கி ஓடி, ஓர் ஆடுதண்டைத் தள்ளும். அது மேற்பகுதியைப் பின்னே செலுத்தும். அப்போதுதான் பூட்டு திருகித் திறக்கும். முதலில் .357, பின்னர் .44, 1991 அளவில் .50 என அதன் வாய் அகன்றுகொண்டே போயிற்று. அதற்குமேல் அகலாமைக்குக் காரணம் யந்திர நுட்பமன்று, சட்டமே. அரை அங்குலத்துக்கு மேற்பட்ட குழலுடைய துப்பாக்கியை, சில விலக்குகள் நீங்கலாக, அமெரிக்கச் சட்டம் ‘நாசகாரக் கருவி’ என வகுத்து வைத்திருக்கின்றது.

இதன் நிறை ஏறக்குறைய 2 கிலோகிராம். நம் பாட்டனார் கணக்கிற் சொன்னால் நாலரை இறாத்தல். விலை ஏறக்குறைய 2,000 டொலர். .50 தோட்டா ஒன்று ஒரு டொலருக்கு மேல். சுட்டுத் தீர்க்கும் ஒவ்வொரு ரவைக்கூடும் பணப்பையைக் கடிக்கும். இவ்வளவு கொடுத்து வாங்கியவருக்கு, அது மிகுந்த பிடிவாதக்காரத் துப்பாக்கி என்பது பிறகே தெரியவரும். மணிக்கட்டு தளர்ந்தால் யந்திரம் தன் சுற்றை முடிக்காது சிக்கிக்கொள்ளும். தாங்கும் கை ரவைக்கூட்டின் அடியை மேல்நோக்கி அழுத்தினாலும் சிக்கும். வெறும் ஈயக் குண்டை இட்டால் வாயுத்துளை அடைபடும். அமெரிக்காவிற் சிலர் இதனைக் கொண்டு மான், பன்றி வேட்டையாடுவதுண்டு. பெரும்பாலோர் சுடுதளத்திற்குக் கொண்டுபோய் ஒன்றிரண்டு கூடு சுட்டுவிட்டு, காதுக் கவசத்தைக் கழற்றி, முகமலர்ச்சியோடு வீடு திரும்புகின்றார்கள். அம்மகிழ்ச்சியை நாம் பழிக்க மாட்டோம். பெரிய யந்திரத்தை அடக்கியாளும் ஆசை மனிதனுக்கு இயல்பு.

நம்மைக் கவலைகொள்ளச் செய்வது மற்றொன்று. உடையவர் சுட்டு முடித்தபின், அருகில் நிற்கும் நண்பரிடமோ மகனிடமோ “நீயும் ஒருமுறை சுட்டுப் பார்” என்று நீட்டுகின்றாரே, அந்த வேளைதான் மிகக் கொடியது. பழக்கமில்லாதவர் சுடுகின்றார். உதைப்பிலே துப்பாக்கியின் வாய் தலைக்கு மேலே எழும்புகின்றது. கைநழுவிப் போகின்றதே என்று விரல்கள் தம்மையறியாமல் இறுகுகின்றன. விசையின்மேல் கிடந்த விரலும் அவற்றோடு இறுகுகின்றது. சுழல் துப்பாக்கியாயின் இரண்டாம் சூட்டுக்கு விசையை வலிந்து இழுக்கவேண்டும். இதுவோ அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிச் சுத்தியலையும் மடக்கி ஆயத்தமாக நிற்கின்றது. சிறு அழுத்தம் போதும். அந்த இரண்டாவது குண்டு எத்திசையிற் போகும் என்பதை எவராற் சொல்லக்கூடும்? ஆகவேதான் அறிந்த பயிற்சியாளர், புதியவர் கையிற் கொடுக்கும்போது ஒரே ஒரு தோட்டாவை மாத்திரம் இட்டுக் கொடுக்கின்றார். ரவைக்கூடு நிறையத் தோட்டா இருக்க ஒன்றை மாத்திரம் இடுவதற்குக் கூச்சப்படுகின்றவர், தம் துப்பாக்கியை எவரிடமும் நீட்டாதிருப்பதே நலம்.

இனி மாணவரின் வினாக்களுக்கு வருவோம். சாதாரண 9 மில்லிமீற்றர் குண்டு 8 கிராம் நிறையும் வினாடிக்கு ஏறக்குறைய 350 மீற்றர் வேகமும் உடையது. .50 குண்டு ஏறக்குறைய 19 கிராம். வேகம் 450 மீற்றர் அளவில். கணக்கிட்டுப் பார்த்தால் சக்தி நான்கு மடங்காகின்றது. ஆனால் ஒஸ்திரிய நாட்டின் ‘குளொக் 17’ வெற்றாக ஏறக்குறைய 630 கிராம் நிறையுடையது. அதன் ரவைக்கூட்டில் 17 தோட்டாக்கள் கொள்ளும். இதிலோ 7 தோட்டாக்கள்தாம். போர்வீரனுக்குக் கைத்துப்பாக்கி பிரதான ஆயுதமன்று. இடையிலே நாள்முழுதும் தொங்கிக் கிடந்து என்றோ ஒருநாள் உதவுவது. அவன் முதுகிலும் தோளிலும் வேறு சுமை நிறைய உண்டு. இதனைச் செய்துகொடுத்த இஸ்ரேலின் இராணுவங்கூடத் தன் வீரர்களுக்குரிய பொதுத் துப்பாக்கியாக இதனை ஏற்கவில்லை.

ஒற்றைக் கையாற் சுடலாமா எனின், நெடுநாட் பயின்ற வலியவர் சுடுவர். 1999இல் வந்த ‘மேற்றிக்ஸ்’ படத்திற் கறுப்புக் கண்ணாடிக்காரர்கள் ஒற்றைக் கையால் அசையாது நின்று சுடுவதை மாணவர் பார்த்திருக்கக்கூடும். படப்பிடிப்பில் இடுவது வெற்று வெடி. அதில் மருந்து உண்டு, குண்டு இல்லை. 19 கிராம் குண்டை முன்னே தள்ளாத துப்பாக்கி, சுடுபவரின் கையை அவ்வளவாகப் பின்னே தள்ளுவதுமில்லை.