கேப் டவுன் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய கட்டடம்

கேப் டவுனுக்குச் சுற்றுலா போகும் தமிழர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. புகழ்பெற்ற ஒயின் தோட்டங்களுக்கும் அவற்றின் வெள்ளை மாளிகைகளுக்கும் போவதற்கு முன்னால், நகரின் நடுவே அடர்லி தெருவின் மேல்முனையில் நிற்கும் ஸ்லேவ் லாட்ஜ் என்ற பழைய கட்டடத்துக்குள் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். தோட்டங்களைப் பிறகு பாருங்கள். பார்க்கும் வரிசை மாறினால் மாளிகையில் கண்ணில் படுவதும் மாறிவிடும்.

நானும் என் கணவரும் போன டிசம்பரில் அங்கே போனோம். நம் ஊரில் மார்கழிப் பனி தொடங்கும்போது அங்கே நடுக்கோடை. பொழுது சாய எட்டு மணி ஆகிறது. நான் நாகப்பட்டினத்துக்காரி, மேல்நிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அவர் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர். பயண நிறுவனம் எங்களுக்குப் போட்டுக் கொடுத்த திட்டத்தில் டேபிள் மலை இருந்தது, பென்குயின் கடற்கரை இருந்தது, நன்னம்பிக்கை முனை இருந்தது, மிச்ச நாளெல்லாம் ஒயின் தோட்டங்கள். முந்நூறு ஆண்டுப் பாரம்பரியம் என்று அச்சடித்திருந்த அந்தத் தாள்களில் அடிமை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. தென்கிழக்குக் காற்று பலமாக வீசி, மலைக்குப் போகும் ரோப் காரை நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் எங்களுக்கு ஒரு பிற்பகல் மிச்சமானது. தங்கியிருந்த விடுதியின் அம்மா வழி சொல்ல, நடந்தே போனோம். ஒரு தமிழ்ப் பயணி அந்தக் கட்டடத்தைப் பார்ப்பதும் பார்க்காமல் திரும்புவதும் காற்றின் தயவில் இருக்கக் கூடாது.

ஸ்லேவ் லாட்ஜை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1679இல் கட்டியது. கம்பெனிக்குச் சொந்தமான அடிமைகளை அடைத்து வைக்கும் இடம் அது. தடித்த சுவர்கள், அன்று வெளிப்பக்கம் ஜன்னல் கிடையாது, நடுவில் முற்றம். பகலெல்லாம் தோட்டத்திலும் துறைமுகத்திலும் மருத்துவமனையிலும் வேலை செய்துவிட்டு இரவில் இங்கே வந்து அடைய வேண்டும். மாலையில் ஒரு மணி நேரம் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் கதவு திறந்துவிடப்பட்டது என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. உள்ளே இருந்த பெண்களுக்கு அந்த ஒரு மணி நேரம் என்னவாக இருந்திருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. பிறகு பிரிட்டிஷ் ஆட்சியில் கட்டடம் அரசு அலுவலகமாயிற்று, உச்ச நீதிமன்றமாயிற்று. அடிமைகளின் பெயரில் அது மறுபடி அழைக்கப்பட 1998 வரை ஆயிற்று. பக்கத்திலேயே சர்ச் சதுக்கத்தில் 11 கருங்கல் பாளங்களை நிறுத்தி அடிமைகளின் பெயர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இளைஞர்கள் அவற்றின் மீது உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அது எனக்குத் தவறாகத் தோன்றவில்லை.

1652இல் டச்சுக்காரர்கள் அங்கே குடியேறியதிலிருந்து 1808இல் அடிமை இறக்குமதி தடை செய்யப்பட்டது வரை, சுமார் 63,000 பேர் கேப் என்றழைக்கப்பட்ட அந்தக் குடியேற்றத்துக்குக் கொண்டுவரப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள் போக, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள். சொந்தப் பெயரைப் பறித்துக்கொண்டு ஏப்ரல், செப்டம்பர் என்று மாதத்தின் பெயரையோ கியூப்பிட், டைட்டஸ் என்று ரோமானியப் பெயரையோ சூட்டினார்கள். கூடவே, எங்கிருந்து வந்தவர் என்று ஊரை ஒட்டவைத்தார்கள். வங்காளம், மலபார் என்று பெரும் பெயர்கள் இருக்கின்றன. சோழமண்டலக் கரை இருக்கிறது. தரங்கம்பாடி, பழவேற்காடு, தூத்துக்குடி என்று நம் ஊர்களும் அந்தப் பதிவேடுகளில் இருக்கின்றன.

தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாறு என்றால் சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பரில் டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பலிலிருந்து தொடங்குவதே நம் பழக்கம். கரும்புத் தோட்டம், ஒப்பந்தக் கூலி, காந்தி, தில்லையாடி வள்ளியம்மை. அந்தக் கதை நம்முடையது, அதைச் சொல்வோம். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே கரையிலிருந்து வேறு கப்பல்கள் புறப்பட்டிருக்கின்றன. டச்சுக்காரர்கள் 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே பிஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமைக்குள் புகுந்தன. வயல்கள் அழிந்தன, பஞ்சம் வந்தது. சோறில்லாத குடும்பங்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்றன. வாங்குவதற்குக் கம்பெனி கடற்கரையில் காத்திருந்தது. 1659 முதல் 1661 வரை ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் போனது இலங்கைக்கும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்த படேவியாவுக்கும்தான். கேப்புக்கு ஆட்கள் பிந்தைய பத்தாண்டுகளிலும் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். அதிலும் ஒரு வழி, கேட்கவே மனம் கசக்கும்: கீழை நாடுகளில் வேலை முடிந்து ஹாலந்து திரும்பும் அதிகாரிகள், தாய்நாட்டுக்கு அடிமைகளைக் கொண்டுபோக முடியாது என்பதால், கூட்டிவந்த வீட்டு வேலைக்காரர்களைப் போகிற வழியில் கேப்பில் விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட மறுநாள்தான் குரூட் கான்ஸ்டான்ஷியா என்ற ஒயின் தோட்டத்துக்குப் போனோம். 1685இல் கேப்பின் தலைவர் சைமன் வான் டெர் ஸ்டெல் தனக்கென்று பெற்றுக்கொண்ட நிலம். ஓக் மரச் சாலையின் முடிவில் சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவர், கனத்த நாணல் கூரை, நெற்றியில் அலைபோல் வளைந்து எழும் முகப்பு. வீட்டுக்குப் பின்னால் 1791இல் கட்டிய ஒயின் கிடங்கு. அதன் முகப்பில் அன்டன் ஆன்ரைத் என்ற சிற்பி சுதையில் செய்த கிரேக்கப் புராணக் காட்சி. அழகு என்றால் அழகுதான், அதை மறுத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இந்த மண்ணில் விளைந்த இனிப்பு ஒயின் ஐரோப்பா முழுதும் பேர் பெற்றது. செயின்ட் ஹெலெனா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கு இங்கிருந்துதான் போனது. ஜேன் ஆஸ்டின் தன் நாவலொன்றில் மனவேதனைக்கு மருந்தாக இதைச் சொல்கிறார்.

வான் டெர் ஸ்டெல்லின் கதையிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. அவர் தாயைப் பெற்ற பாட்டி மோனிக்கா ஓர் இந்தியப் பெண். சைமனின் தந்தை 1646இல் இலங்கையில் கண்டி அரசரின் படையிடம் உயிரிழந்தவர். இந்தியக் கரையின் ரத்தம் மாளிகைக்கு உடையவரிடமும் ஓடியது, அதே கரையிலிருந்து விலைக்கு வந்தவர்களோ அவருடைய கொடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

என் கணவருக்குக் குடியில் நாட்டமில்லை. ஆனால் கட்டடம் என்றால் நேரம் போவது தெரியாது. முகப்புச் சுவரை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். "இங்க பாரு, இந்த வளைவைக் கரணையாலேயே இழுத்திருக்கான். கை தேர்ந்த கொத்தன் இல்லாம இது வராது" என்றார். எங்களுடன் வந்த வழிகாட்டிப் பெண்ணிடம் யார் கட்டியது என்று கேட்டார். வரைந்தவர் தீபோ என்ற பிரெஞ்சுக் கலைஞராக இருக்கலாம் என்று அவர் சொல்லத் தொடங்கினார். என் கணவர் மறித்து, "வரைஞ்சவரைக் கேக்கலைங்க, பூசினவங்களைக் கேக்கறேன்" என்றார். அந்தப் பெண் சிரித்தார். "அதை யாரும் கேட்பதில்லை. என் முன்னோர்கள் பூசினார்கள்" என்றார். அவருடைய குடும்பப் பெயர் ஒரு மாதத்தின் பெயர்.

என் வாதத்துக்கு அதுதான் மையம். கேப்பின் கொத்தர்கள், தச்சர்கள், பீப்பாய் செய்தவர்கள், சமைத்தவர்கள், தையல்காரர்களில் பெரும்பகுதி அடிமைகள். அவர்களில் ஆசியாவிலிருந்து வந்த கைவினைஞர்களுக்குத் தனிப் பேர் இருந்தது. மாளிகையைப் புறக்கணிக்கச் சொல்லும் கட்சியில் நான் இல்லை. அதைப் புறக்கணித்தால் அவர்களுடைய கைத்திறனையும் சேர்த்துத்தான் புறக்கணிக்கிறோம். போய்ப் பாருங்கள், கண்ணாரப் பாருங்கள். பாராட்டு யாருக்குப் போக வேண்டுமோ அவர்களுக்குப் போகட்டும். குரூட் கான்ஸ்டான்ஷியாவிலேயே அடிமைகளின் வாழ்க்கையைச் சொல்லும் காட்சிக்கூடம் இருக்கிறது. ஆனால் பேருந்திலிருந்து இறங்கும் கூட்டம் நேராக ஒயின் சுவைக்கும் மேசைக்குப் போகிறது, நேரம் மிஞ்சினால் மாளிகைக்கு, அதற்கும் மிஞ்சினால் காட்சிக்கூடத்துக்கு. எங்கள் பேருந்தில் மிஞ்சவில்லை. நாங்கள் இருவரும் சுவைப்பு மேசையை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தோம்.

வெர்கெலெகன் தோட்டத்தில் கதை இன்னும் கடுமை. சைமனின் மகன் வில்லம் ஆட்ரியன், ஆளுநராக இருந்தபோதே 1700இல் அந்த நிலத்தைப் பெற்றார். அவர் காலத்தில் நட்ட கற்பூர மரங்கள் இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடியும் ஒரு திண்ணை அகலம் இருக்கும். கம்பெனிப் பதவியை வைத்துக்கொண்டு ஒயின், இறைச்சி வணிகத்தை அவர் வளைத்துக்கொண்டதால் வெள்ளைக் குடியேறிகள் கொதித்தார்கள். 1706இல் அவர்களில் 63 பேர் கையெழுத்திட்டு ஆம்ஸ்டர்டாமுக்கு மனு அனுப்பினார்கள். கம்பெனி ஆளுநரை நீக்கியது, மாளிகையை இடிக்கச் சொன்னது, நிலத்தைக் கூறுபோட்டு விற்றது. அநியாயத்துக்கு எதிரான தீர்ப்பு என்று இதைச் சொல்வார்கள். அந்தத் தோட்டத்தை உழுதவர்கள் அந்த மனுவில் குறைகேட்கப்பட வேண்டியவர்களாக வரவில்லை; சொத்துக் கணக்கில்தான் வந்தார்கள்.

அதே தோட்டத்தில் அடிமைகள் தங்கிய நீண்ட கட்டடத்தின் அடித்தளத்தைத் தொல்லியலாளர்கள் தோண்டியபோது, தரைக்கு அடியில் மரப்பெட்டியில் வைத்துப் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. பல்லையும் எலும்பையும் ஆய்ந்ததில், அவர் கேப்பில் வளர்ந்தவர் இல்லை, வெப்பமண்டலப் பகுதியொன்றில் பிள்ளைப்பருவத்தைக் கழித்துவிட்டு வந்தவர் என்று தெரிந்தது. எந்த நாடு என்று சொல்ல முடியாது. யாரோ ஒருவர் பலகை தேடி, பெட்டி செய்து, எல்லோரும் படுத்துறங்கும் அறையிலேயே அவரைப் பத்திரப்படுத்தியிருக்கிறார். நான் பார்த்த எந்த மாளிகையின் எந்தக் கட்டிலும் நாற்காலியும் எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்வதற்கில்லை. கேப்பில் 1834 டிசம்பர் 1 அன்று அடிமை முறை ஒழிந்தது. பயிற்சிக் காலம் என்ற பெயரில் மேலும் நான்கு ஆண்டுகள் அதே எசமானர்களிடம் உழைக்க வைத்து, 1838இல்தான் விட்டார்கள். நட்டஈடு எசமானர்களுக்குக் கிடைத்தது. விடுதலை பெற்றவர்களுக்கு நிலமும் இல்லை, பணமும் இல்லை. பலர் அதே தோட்டத்துக்குக் கூலியாகத் திரும்பினார்கள். அந்தக் கூலியில் ஒரு பங்கை மலிவான ஒயினாகவே கொடுக்கும் வழக்கம் வேரூன்றியது. டாப் முறை என்று அதைச் சொல்கிறார்கள். ஒரு நாளில் பலமுறை, தகரக் குவளையில் ஊற்றி. சட்டம் தடுத்த பிறகும் பல தோட்டங்களில் அது நீடித்தது. தாயின் குடியால் கருவிலேயே மூளை பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் இந்த ஒயின் மாவட்டங்கள் அடங்கும். வாரக் கூலி மதுக்கடையில் கரைவதை அறிந்த தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டாம். அங்கே கூலியே மதுவாக வந்தது. 2012இல் டி டோர்ன்ஸ் பகுதியில் திராட்சைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது அவர்களுடைய குறைந்தபட்ச நாள்கூலி 69 ராண்ட். போராட்டத்துக்குப் பிறகு, 2013 மார்ச் முதல் 105 ராண்ட் ஆயிற்று.

விடுமுறைக்குப் போகிற இடத்தில் எதற்கு இந்தப் பாரம் என்று என் தங்கை கேட்டாள். ஓய்வுபெற்ற இருவர் காசு சேர்த்துப் போகிறோம், நல்ல காற்றும் நல்ல காட்சியும் வேண்டாமா என்றாள். வேண்டும். எங்களுக்கும் கிடைத்தது. மலைச்சரிவில் இறங்கும் திராட்சை வரிசைகள், மாலை வெயிலில் பொன்னாகும் மேற்குப் பக்கம் எல்லாம் கண் நிறையப் பார்த்தோம். ஆனால் தரங்கம்பாடியிலிருந்தோ நாகையிலிருந்தோ போனவர்கள் நட்ட தோட்டத்தில், அவர்களைப் பற்றி யாரும் சொல்லாமல் ஒரு நாள் சுற்றிவிட்டு வருவது எனக்கு ஓய்வாக இருந்திருக்காது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் அவர்களைக் கேட்காமல் திரும்பிய மாதிரி இருந்திருக்கும்.

பயண நிறுவனங்கள் இதைச் சுலபமாகச் செய்யலாம். ஸ்லேவ் லாட்ஜ் ஊர் நடுவே இருக்கிறது, தனி வண்டி வேண்டாம். முதல் நாள் காலையில் வைத்தால் போதும். நம் பக்கமும் வேலை இருக்கிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகளைத் தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. வணிகர் பெயரும் பட்டமும் கல்லில் அழகாக வெட்டியிருக்கின்றன. அதே துறைமுகத்திலிருந்து விலைக்குப் போனவர்களுக்கு அங்கேயும் நாகையிலும் தமிழில் ஒரு கல்வெட்டாவது அரசு வைக்க வேண்டும். பதினோராம் வகுப்பு வரலாற்றுப் பாடநூல் டச்சு அடிமை வணிகத்தைத் தொட்டுச் செல்கிறது. கப்பல்கள் போய்ச் சேர்ந்த ஊர்களையும் அதில் சேர்க்க வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியம் அந்தப் பெயர்கள். கேப் டவுன், ஹேக் ஆவணக் காப்பகங்களில் கம்பெனியின் ஏடுகள் இருக்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஆவணங்கள் உண்டு. தமிழ் ஊர்ப் பெயரோடு பதிவானவர்களைத் திரட்டி ஒரு பட்டியல் வெளியிட, பழைய டச்சுக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். ஆசிய மாணவர்களுக்கு அதைக் கற்பிக்கும் திட்டங்களை லெய்டன் பல்கலைக்கழகம் முன்பே நடத்தியிருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இரண்டு ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து அந்த எழுத்தைப் படிக்க அனுப்பட்டும். நாகப்பட்டினத்தின் பெயர் வரும் ஏடுகளிலிருந்து அவர்கள் தொடங்கலாம்.