முதலில் தீர்வது எது?

4 கிராம் ஐதரசனையும் 16 கிராம் ஒட்சிசனையும் தாக்கமுறச் செய்தால் எத்தனை கிராம் நீர் பெறலாம்? 20 கிராம் என்று விடையெழுதும் மாணவர் பலர். கூட்டல் சரியே, இரசாயனந்தான் பிழை.

ஐதரசன் ஒரு பங்குக்கு ஒட்சிசன் எட்டுப் பங்கு என்னும் நிறை விகிதத்திலேயே நீர் உண்டாகும். 16 கிராம் ஒட்சிசனுக்கு 2 கிராம் ஐதரசன் போதுமன்றோ? எனவே நாம் பெறுவது 18 கிராம் நீரே. 2 கிராம் ஐதரசன் எஞ்சிநிற்கும். முதலில் தீர்ந்து, விளைவின் அளவை வரையறுக்கும் ஒட்சிசனை இங்கு 'எல்லைப்படுத்தும் தாக்கி' என்கிறோம்.

பரீட்சையில் இத்தவறு சில புள்ளிகளோடு போய்விடும். வீட்டிலோ உயிரையே கவர்ந்துவிடும். அடைத்த அறையில் கரி எரியும்போது கரிக்குக் குறைவில்லை, குறைவது ஒட்சிசனே. 12 கிராம் காபனுக்கு 32 கிராம் ஒட்சிசன் கிடைப்பின் 44 கிராம் காபனீரொட்சைட்டு உண்டாகும். 16 கிராமே கிடைப்பின் 28 கிராம் காபனோரொட்சைட்டு உண்டாகலாம். நிறமும் மணமுமற்ற இந்நஞ்சு, குருதியில் ஒட்சிசனுக்குரிய இடத்தைப் பற்றிக்கொள்ளும். உறங்குவோர் அறியாமலே உயிரிழப்பர்.

ஆதலின், குளிர்காய்வதற்காகக் கரிநெருப்பை உறங்கும் அறைக்குள் ஒருபோதும் வையாதிருப்போமாக. மாணவர்களும் கணக்கைத் தொடங்குமுன், முதலில் தீர்வது எதுவென்று ஆராய்வார்களாக.